விரைவோட்டத்தைக் கைப்பேசியால் அளப்பது எப்படி? பெங்களூருவிலிருந்து ஒரு வழிகாட்டி

என் அக்கா மகளுக்குப் பதினேழு வயது. நூறு மீட்டர் ஓடுகிறாள். ஓராண்டாக அவளுடைய நேரம் அசையவே இல்லை. தொடக்கம் மந்தம் என்றார் ஒருவர். கடைசி முப்பது மீட்டரில் தளர்ந்துவிடுகிறாள் என்றார் இன்னொருவர். அல்சூரில் எங்கள் தெருவில் இருப்பவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், ஒருவரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டுப் பதினைந்து ஆண்டுகளாக மென்பொருள் வேலையில் இருக்கும் நான், ஒரு கைப்பேசியும் கணக்குத்தாளும் இருந்தால் இரண்டு வாரத்தில் விடை சொல்லிவிடலாம் என்று நம்பி இறங்கினேன். நான்கு மாதம் ஆனது. அதில் மூன்று மாதத்தை விழுங்கியவை கோன் (தூரத்தைக் குறிக்கும் கூம்பு) வைத்த இடம், வீடியோ அனுப்பிய வழி, வாங்காத அனுமதி ஆகியவைதான், சூத்திரங்கள் அல்ல. அதே பாதையில் வரவிருக்கும் பெற்றோருக்கும் இளம் பயிற்சியாளர்களுக்கும் அந்த மூன்று மாதம் மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. எதை அளக்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஓட்டக்காரரின் வேகம் தொடக்கத்தில் சட்டென்று ஏறி, பிறகு ஏற்றம் குறைந்து, ஓர் உச்சத்தை நெருங்கி நிற்கிறது. இந்த வளைவை இரண்டே எண்களால் நன்றாக விவரித்துவிடலாம். ஒன்று உச்ச வேகம். அதை இக்கட்டுரையில் ‘உ’ என்று குறிக்கிறேன். மற்றொன்று அந்த உச்சத்தை எவ்வளவு விரைவில் நெருங்குகிறார் என்பதைச் சொல்லும் கால மாறிலி. அதை ‘கா’ என்று குறிக்கிறேன். ‘கா’ வினாடி கழிந்தபோது ஓட்டக்காரர் தம் உச்ச வேகத்தில் 63 விழுக்காட்டை எட்டியிருப்பார். இந்த இரண்டு எண்களையும் பெறுவதற்கு முதல் முப்பது மீட்டரை, ஐந்தைந்து மீட்டராகப் பிரித்து, ஒவ்வொரு குறியையும் எத்தனையாவது வினாடியில் கடந்தார் என்று அறிந்தால் போதும். நூறு மீட்டர் முழுவதையும் படம் பிடிக்கும் ஆசையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒற்றைக் கைப்பேசியால் அது ஆகாது.

ஸ்டாப்வாட்ச் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. கையால் எடுத்த நேரமும் மின்னணு நேரமும் வெவ்வேறு இனம். நூறு மீட்டரில் இரண்டையும் ஒப்பிட வேண்டியிருந்தால் கைநேரத்தோடு 0.24 வினாடி கூட்டுவது வழக்கம். பயிற்சியில் 12.9 ஓடிய பிள்ளை போட்டியில் 13.14 ஓடினால் அது சரிவே அல்ல, அதே ஓட்டம்தான். எங்கள் வீட்டில் இதனால் ஒரு மாலை முழுவதும் அழுகை நடந்தது.

2. மைதானமும் தாள்களும்

சிந்தெடிக் தடம் உள்ள இடமே வேண்டும். மண் தடத்தில் ஒவ்வொரு நாளும் தரை மாறிவிடும். பெங்களூருவில் எல்லோருக்கும் தெரிந்தது ஸ்ரீ கண்டீரவா மைதானம். அதைத் தவிர, பல்கலைக்கழக வளாகங்களிலும் சில தனியார் பள்ளிகளிலும் தடங்கள் இருக்கின்றன. பிள்ளை வழக்கமாக ஓடும் தடத்திலேயே அளப்பது நல்லது, ஏனென்றால் பழகாத தடத்தில் முதல் நாள் ஓட்டம் எப்போதும் சற்று மாறுபடும்.

நான் செய்த முதல் தவறு, அனுமதி கேட்காமல் டிரைபாடைத் தூக்கிக்கொண்டு போனது. கைப்பேசியைக் கையில் பிடித்துப் படமெடுத்தால் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதையே மூன்று காலில் நிறுத்தினால் காவலாளி வந்துவிடுகிறார். ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ (கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்) என்பது பேருந்து இருக்கையில் எடுபடும். டிரைபாட் விஷயத்தில் எடுபடவில்லை. அரைமணி நேரம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினோம்; அன்றைய கட்டணமும் போயிற்று.

ஆகவே, பின்வரும் தாள்களை ஒரு கோப்பில் வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு படிகள் எடுத்துக்கொள்ளுங்கள். மைதானப் பொறுப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம்: நாள், நேரம், எந்த லேன், எத்தனை பேர், வணிக நோக்கம் இல்லை என்ற ஒரு வரி. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தால் போதும். மேலே பொருள் வரியைக் கன்னடத்திலும் எழுதினால் வாசலில் இருப்பவரே படித்துவிடுகிறார், அலுவலகத்துக்கு அலையும் வேலை மிச்சம். அடுத்து, ஓட்டக்காரருக்குப் பதினெட்டு நிரம்பவில்லை என்றால் பெற்றோர் கையொப்பமிட்ட ஒப்புதல். நான் தாய்மாமன்தானே என்று அசட்டையாக இருந்தேன். தாய்மாமனின் கையெழுத்து செல்லாது, அக்காவிடமே வாங்க வேண்டியிருந்தது. மூன்றாவதாக, பயிற்சியாளரின் சம்மதம், கைப்பட இரண்டு வரி. இதை வெறும் சம்பிரதாயம் என்று எண்ணாதீர்கள். அவருக்குத் தெரியாமல் எடுத்த எண்களை அவர் பிறகு காதில் போட்டுக்கொள்ள மாட்டார். கடைசியாக, அடையாள அட்டையின் நகல். ஆதாரைக் கொடுத்தால் எண் மறைக்கப்பட்ட படியைக் கொடுங்கள்.

கடிதம் கொடுத்த அன்றே பதில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எனக்கு ஒன்பது நாள் ஆனது. இடையில் ஒரு மாவட்டப் போட்டிக்காகத் தடம் மூடப்பட்டிருந்தது. நுழைவுக் கட்டணம் இடத்துக்கு இடம் வேறு. கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதைக் கடிதம் கொடுக்கும்போதே கேட்டு, ரசீதையும் கோப்பில் வையுங்கள்.

3. கருவிகளும் செலவும்

வினாடிக்கு 240 ஃபிரேம், அதாவது 240 தனிப்படங்கள், எடுக்கக்கூடிய கைப்பேசி வேண்டும். அது வீட்டில் யாரிடமாவது இருக்கும். மற்றவற்றுக்கு எனக்கு ஆன செலவு இது: டிரைபாட் 1,150 ரூபாய், ஐம்பது மீட்டர் ஃபைபர் அளவுநாடா 650, பன்னிரண்டு கோன்கள் 400, சிறிய ரசமட்டம் 120, கையடக்கக் காற்றளவி 1,600. மொத்தம் 3,920. மென்பொருளுக்குப் பணம் தேவையில்லை: வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக அலசும் கினோவியா, டிராக்கர் இரண்டும் இலவசம். கினோவியா விண்டோஸில் மட்டும் ஓடும். மற்றவர்கள் டிராக்கரை எடுத்துக்கொள்ளலாம்.

கடையில் ‘960 ஃபிரேம்’ என்று ஆசை காட்டும் கைப்பேசிகளை நம்ப வேண்டாம். பலவற்றில் அந்த வேகம் ஒரு வினாடிக்கும் குறைவான நேரமே கிடைக்கும், அல்லது இடைப்பட்ட ஃபிரேம்களைக் கைப்பேசியே கற்பனை செய்து நிரப்பும். கற்பனை ஃபிரேமில் இருக்கும் கால் உண்மையான கால் அல்ல.

4. கோன்களை வைப்பது (இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள்)

முதலில் நாடாவைச் சோதியுங்கள். சிந்தெடிக் தடத்தில் பெண்களுக்கான நூறு மீட்டர் தடையோட்டக் குறிகள் இருக்கும். வழக்கமாக அவை மஞ்சள் நிறம். தொடக்கக் கோட்டிலிருந்து முதல் குறி 13 மீட்டர், அதன்பின் ஒவ்வொன்றும் 8.5 மீட்டர். உங்கள் நாடா இந்தக் குறிகளோடு ஒத்துப்போகவில்லை என்றால், நாடா தளர்ந்து கிடக்கிறது அல்லது நீங்கள் வேறு நிறக் குறியைப் பார்க்கிறீர்கள். 110 மீட்டர் தடையோட்டக் குறிகளும் பக்கத்திலேயே இருக்கும். அவற்றின் இடைவெளி 9.14 மீட்டர்.

ஓட்டக்காரர் மூன்றாவது லேனின் நடுவில் ஓடட்டும். கைப்பேசியை உள்மைதானத்தில், அவருடைய பாதையிலிருந்து செங்குத்தாக 25 மீட்டர் தள்ளி, தொடக்கக் கோட்டிலிருந்து 15 மீட்டர் குறிக்கு நேர் எதிரே நிறுத்துங்கள். அவ்வளவு தள்ளி நின்றால்தான் முப்பது மீட்டரும் சட்டத்துக்குள் அடங்கும். மெதுவோட்டப் (ஸ்லோ மோஷன்) படப்பிடிப்பில் பல கைப்பேசிகள் ஓரங்களை வெட்டிவிடுவதால், வீட்டில் சாதாரண வீடியோவில் அடங்கியதே என்று கணக்குப் போட்டு வராதீர்கள்.

இப்போது கோன்கள். ஓட்டக்காரரின் பாதையிலேயே கோன் வைக்க முடியாது. ஆகவே பக்கத்து லேனில், அதாவது இரண்டாவது லேனின் நடுவில் வைக்கிறோம். ஒரு லேனின் அகலம் 1.22 மீட்டர். அப்படியானால் கோன் கேமராவுக்கு 1.22 மீட்டர் நெருக்கமாகிவிடுகிறது. ஐந்து மீட்டருக்கு நேராக வைத்த கோனை ஓட்டக்காரரின் இடுப்பு ‘கடப்பது போல’ கேமராவுக்குத் தெரியும் கணத்தில், அவர் உண்மையில் 4.49 மீட்டரில்தான் இருப்பார். முப்பது மீட்டர் கோனில் இதற்கு நேர்மாறு: அவர் 30.77 மீட்டர் ஓடிய பிறகே கோனைக் கடந்ததாகத் தோன்றும். முன்பாதியில் நேரம் குறைந்தும் பின்பாதியில் கூடியும் பதிவாகும். மொத்தத்தில் உச்ச வேகம் ஐந்து விழுக்காடு குறைந்து வரும். நான் முதல் மாதம் முழுவதும் இப்படித்தான் அளந்தேன். வினாடிக்கு 7.8 மீட்டர் என்று வந்ததை அப்படியே அவளிடம் சொல்லி, அவள் இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். உண்மை 8.2.

திருத்தம் எளிது. கோனின் இடம் = 15 + (உண்மைத் தூரம் − 15) × 23.78 ÷ 25. இதன்படி 0, 5, 10, 15, 20, 25, 30 மீட்டர்களுக்கான கோன்களை முறையே 0.73, 5.49, 10.24, 15.00, 19.76, 24.51, 29.27 மீட்டரில் வைக்க வேண்டும். உங்கள் கேமரா 25 மீட்டருக்குப் பதிலாக 28 மீட்டர் தள்ளி நின்றால், 25-க்குப் பதில் 28-ஐயும் 23.78-க்குப் பதில் 26.78-ஐயும் போடுங்கள். இந்த ஏழு எண்களையும் வீட்டிலேயே ஓர் அட்டையில் எழுதிக்கொண்டு போங்கள். காலை ஆறரை மணிக்கு, பின்னால் நடைப்பயிற்சிக்காரர்கள் ‘வழி விடுங்கள்’ என்று நிற்கும்போது, பெருக்கிப் பார்க்க மனம் ஓடாது.

5. படமெடுப்பது

கைப்பேசி ஓட்டக்காரரின் இடுப்பு உயரத்தில், ரசமட்டம் வைத்துச் சமன் செய்யப்பட்டு, அசையாமல் இருக்க வேண்டும். ஓடுபவரோடு சேர்த்துத் திருப்பக் கூடாது. கவனக்குவியத்தையும் வெளிச்ச அளவையும் திரையில் அழுத்திப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவழியில் படம் மங்கித் தெளியும்.

நேரம் முக்கியம். 240 ஃபிரேமுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். ஜனவரியில் பெங்களூருவில் ஏழு மணிக்கு முன் எடுத்த படம் எல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. மாலை விளக்கொளியில் எடுக்கலாம் என்றும் முயன்றேன். மின்விநியோகத்தின் அதிர்வெண் 50 என்பதால் பல விளக்குகள் வினாடிக்கு நூறு முறை மின்னுகின்றன, சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல் மெதுவோட்டத்தில் கருப்புப் பட்டையாக ஓடி, கால் தரையைத் தொடும் ஃபிரேமை மறைத்துவிடுகிறது. காலை ஏழு முதல் எட்டரை வரை, சூரியன் கேமராவுக்குப் பின்னால் இருக்கும்படி அமைந்தால் நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் காற்று வலுவாக இருக்கும். அந்த மாதங்களில் அளந்ததை மற்ற மாதங்களோடு ஒப்பிடாதீர்கள்.

ஓட்டக்காரரின் இடுப்பெலும்பின் மீது வெள்ளை நாடா ஒட்டுங்கள். மூன்று ஓட்டம் போதும்; ஒவ்வொன்றுக்கும் இடையே ஆறு நிமிட ஓய்வு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் ஒரு தாளில் ஓட்ட எண்ணையும் காற்றளவையும் எழுதிக் கேமராவுக்குக் காட்டிவிடுங்கள். காட்டாமல் விட்ட பத்து வீடியோக்கள் எந்த நாளுடையவை என்று தெரியாமல் இன்னும் என் கணினியில் கிடக்கின்றன.

6. வீடியோவைக் கணினிக்குக் கொண்டுவருவது

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கும், ஃபிரேம்களையும் உதிர்க்கும். கம்பி வழியாக மாற்றுங்கள், வேறு வழியே இல்லை என்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

அடுத்த பொறி இன்னும் நுட்பமானது. சில கைப்பேசிகள் 240 ஃபிரேமில் எடுத்ததை, வினாடிக்கு 30 ஃபிரேம் ஓடும் கோப்பாகச் சேமிக்கும். அப்போது திரையில் எட்டு வினாடி என்பது உண்மையில் ஒரு வினாடி. வேறு சில, நடுப்பகுதியை மட்டும் மெதுவாக்கி, முனைகளைச் சாதாரண வேகத்தில் வைக்கும். கோப்பின் விவரத்தை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். ஆனால் நான் அதைவிட நம்புவது ஒரு பழைய வழி: ஓடிக்கொண்டிருக்கும் ஒரு டிஜிட்டல் ஸ்டாப்வாட்ச்சின் முகத்தைப் பத்து வினாடி இதே அமைப்பில் படமெடுத்து, எத்தனை ஃபிரேம் வந்தது என்று பாருங்கள். 2,400-ஐ ஒட்டி வந்தால் சரி. அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அதைச் செய்யாததால் எனக்கு மூன்று வாரம் போயிற்று.

7. ஃபிரேமை எண்ணி நேரமாக்குவது

முப்பது ஃபிரேம் கேமராவில் ஒரு ஃபிரேமுக்குள் அவள் 27 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறாள். 240-இல் மூன்றரை சென்டிமீட்டர்தான். இடுப்பு நாடா ஒவ்வொரு கோனையும் கடக்கும் ஃபிரேம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கமாக, கைவிரல் தரையை விட்டு எழும் முதல் ஃபிரேமை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, விரல் எழுந்தது 312-ஆவது ஃபிரேம், பத்து மீட்டரைக் கடந்தது 816-ஆவது ஃபிரேம் என்றால், இடைவெளி 504 ஃபிரேம், அதாவது 2.10 வினாடி.

ஆனால் விரல் எழுவதற்கு முன்பே கால்கள் தள்ளத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே எல்லா நேரங்களோடும் ஒரே அளவு சிறு திருத்தம் கூட்ட வேண்டும். அந்த அளவை ஊகிக்காமல், அடுத்த படியில் மூன்றாவது அறியா எண்ணாக விட்டுவிடுங்கள். எங்களுக்கு அது 0.10 வினாடி என்று வந்தது. அதைக் கூட்டிய பிறகு ஐந்து முதல் முப்பது மீட்டர் வரை கிடைத்த நேரங்கள்: 1.43, 2.20, 2.89, 3.54, 4.17, 4.79 வினாடி.

8. வளைவைப் பொருத்துவது

பயன்படுத்த வேண்டிய சூத்திரம் ஒன்றுதான். ஓடத் தொடங்கி ‘நே’ வினாடி ஆனபோது கடந்த தூரம் = உ × [நே − கா × (1 − 2.718^(−நே ÷ கா))]. கணக்குத்தாளில் முதல் நிரலில் அளந்த நேரம், அடுத்ததில் இந்தச் சூத்திரம் தரும் தூரம், மூன்றாவதில் அதற்கும் உண்மைத் தூரத்துக்கும் உள்ள வேறுபாட்டின் வர்க்கம். மூன்றாவது நிரலின் கூட்டுத்தொகை மிகக் குறையும்படி உ, கா, தொடக்கத் திருத்தம் ஆகிய மூன்றையும் மாற்றிக்கொண்டே போங்கள். எக்செலில் சால்வர் இதைத் தானே செய்யும். கையால் மாற்றிப் பார்த்தாலும் அரைமணியில் வந்துவிடும்.

உங்கள் பிள்ளையின் எண்களைப் போடுவதற்கு முன், தாள் சரியாக வேலை செய்கிறதா என்று ஊரறிந்த ஓர் ஓட்டத்தில் சோதியுங்கள். 2009-இல் பெர்லினில் உசைன் போல்ட் 9.58 வினாடி ஓடியபோது, ஒவ்வொரு இருபது மீட்டருக்கும் ஆன நேரம் 2.89, 1.75, 1.67, 1.61, 1.66 வினாடி. இவற்றைக் கூட்டிக்கொண்டே போய், தொடக்கத் துப்பாக்கியின் வெடிச்சத்தத்துக்கு அவர் அசைய எடுத்துக்கொண்ட 0.146 வினாடியை ஒவ்வொன்றிலிருந்தும் கழியுங்கள். உச்ச வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 12.2 மீட்டர், கால மாறிலி ஏறக்குறைய 1.25 வினாடி என்று வந்தால் உங்கள் தாள் சரி. கடைசி இருபது மீட்டரில் அவரும் சற்றுத் தளர்ந்திருப்பதைக் கவனியுங்கள். இந்தச் சூத்திரத்துக்குத் தளர்ச்சி என்பது தெரியாது. ஆகவே எழுபது எண்பது மீட்டருக்கு அப்பால் அதை நீட்டினால், வரும் விடையைத் தோராயமாக மட்டுமே கொள்ளுங்கள்.

எங்கள் அளவைக்கு வந்த விடை: உ = 8.2, கா = 1.15.

9. அந்த இரண்டு எண்களைப் படிப்பது

சூத்திரத்தைச் சற்று உற்றுப் பார்த்தால், ஓட்டம் நீண்டதும் அடுக்கு எண் உள்ள பகுதி மறைந்துபோய், நேரம் = தூரம் ÷ உ + கா என்று சுருங்கிவிடும். ஆகக் ‘கா’ என்பது, நின்ற நிலையிலிருந்து கிளம்பியதற்காக ஓட்டக்காரர் கொடுக்கும் அபராத வினாடிகள். அவளுக்கு 100 ÷ 8.2 = 12.20, அதோடு 1.15, வெடிச்சத்தத்துக்கு அசைய 0.18 என்று வைத்தால் 13.53. போட்டியில் அவளுடைய மின்னணு நேரம் 13.46. முப்பது மீட்டருக்குப் பிறகும் அவள் சிறிது வேகம் பிடிக்கிறாள் என்பதால் வினாடியின் நூற்றில் ஏழு பங்கான இந்த வேறுபாடு எதிர்பார்த்ததே.

இப்போது தெருவில் நடந்த வாதத்துக்கு வருவோம். தொடக்கம்தான் குறை என்று கொண்டு, காவை 1.15-இலிருந்து 1.05 ஆக்கினால் 0.10 வினாடி மிச்சம். அதற்கு அவளுடைய தொடக்க முடுக்கம், அதாவது உ ÷ கா, 7.1-இலிருந்து 7.8-க்கு ஏற வேண்டும்; பத்து விழுக்காடு. மாறாக, தொடக்க முடுக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு உச்ச வேகத்தை 8.2-இலிருந்து 8.4 ஆக்கினால், கா 1.18 ஆகச் சற்றுக் கூடினாலும், மொத்தத்தில் 0.26 வினாடி மிச்சம். இது இரண்டரை விழுக்காட்டு ஏற்றம்தான். ஓராண்டாக அவள் வாரத்தில் மூன்று நாள் பிளாக்கிலிருந்து (காலை ஊன்றிக் கிளம்பும் தொடக்கக் கட்டை) கிளம்பும் பயிற்சியையே செய்துகொண்டிருந்தாள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

நிறையை 54 கிலோ என்று எடுத்தால் தொடக்கத்தில் அவள் கிடைமட்டமாகத் தரையைத் தள்ளும் விசை 54 × 7.13, ஏறத்தாழ 385 நியூட்டன். அதை உச்ச வேகத்தால் பெருக்கி நான்கால் வகுத்தால் உச்சத் திறன் 790 வாட் அளவில் வரும். இந்த எண்கள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அவை உ, கா இரண்டிலிருந்தே பிறந்தவை. புதிதாக எதையும் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வாட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டுமே அவை பயன்படுகின்றன, அதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

10. காற்றும் உயரமும்

காற்றுத் தடை விசை = ½ × காற்றின் அடர்த்தி × தடைப் பரப்பு × (ஓட்ட வேகம் − பின்காற்று)². பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், 25 டிகிரி வெப்பத்தில் இங்கே காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.06 கிலோ அளவில் இருக்கும். கடல்மட்டத்தில் அதே வெப்பத்தில் 1.18. அவளுடைய உயரமான 1.62 மீட்டருக்கும் நிறைக்கும் தடைப் பரப்பு 0.37 சதுர மீட்டர் என்று கொண்டால், உச்ச வேகத்தில் காற்று தள்ளும் விசை 13 நியூட்டன். எதிர்காற்று வினாடிக்கு இரண்டு மீட்டர் வீசினால் அது 20 நியூட்டனைத் தாண்டுகிறது. பின்காற்று இரண்டு மீட்டர் என்றால் எட்டுக்கும் கீழே இறங்குகிறது. போட்டிகளில் பின்காற்று 2.0-ஐத் தாண்டினால் சாதனையாக ஏற்காததற்கு இதுவே காரணம்.

நூறு மீட்டரில் 2023 அக்டோபரில் மணிகண்ட ஹோப்ளிதார் 10.23 வினாடி, 2025 மார்ச்சில் குரிந்தர்வீர் சிங் 10.20 வினாடி என்று இரண்டு தேசியச் சாதனைகள் பெங்களூருவிலேயே பிறந்தன. உடனே, இங்கே காற்று மெல்லியது, அதனால்தான் என்று ஒரு பேச்சு கிளம்பும். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் ஓடிய நேரத்துக்குத்தான் உயரக் குறி போடுவார்கள். பெங்களூரு அதற்குக் கீழே. இந்த உயரத்தால் கிடைக்கும் ஆதாயம் நூறு மீட்டரில் வினாடியின் நூற்றில் மூன்று நான்கு பங்குக்குள்தான் இருக்கும்.

காற்றளவியைத் தடத்தின் ஓரத்தில், தரையிலிருந்து 1.22 மீட்டர் உயரத்தில் பிடியுங்கள். ஒரு கணத்து எண்ணைக் குறிக்காமல், ஓட்டம் நடக்கும் நேரம் முழுவதற்கும் சராசரி எடுங்கள். காற்று ஒன்றரை மீட்டரைத் தாண்டிய நாளில் அளப்பதை விட்டுவிட்டு, பயிற்சியை மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

11. காலடிகள்

இருபத்தைந்து மீட்டருக்கு மேல், அதே வீடியோவில் காலடிகளை எண்ணலாம். வேகம் = காலடி நீளம் × வினாடிக்கு எத்தனை காலடி. அவளுக்கு 1.95 மீட்டரும் 4.2 காலடியும் வந்தன, பெருக்கினால் 8.19, ஆக முந்தைய அளவையும் இது உறுதி செய்கிறது. கால் தரையில் நிற்கும் நேரம் 27 ஃபிரேம், அதாவது 0.112 வினாடி. ஒரு காலடிக்கு 0.238 வினாடி ஆகும்போது அதில் 0.112 வினாடி மட்டுமே தரையில் இருக்கிறாள் என்றால், அந்தக் குறுகிய நேரத்தில் தரை அவளைத் தாங்கும் சராசரி விசை அவளுடைய எடையைப் போல 2.1 மடங்கு; ஏறக்குறைய 1,120 நியூட்டன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த எண்ணைப் பார்த்தவுடன் ‘காலடியை நீட்டு’ என்று பிள்ளையிடம் சொல்லத் தோன்றும். நான் சொன்னேன். அவள் பாதத்தை உடலுக்கு வெகு முன்னால் வைத்து ஓடத் தொடங்கினாள்; ஒவ்வொரு அடியும் தடையாகி, உச்ச வேகம் 8.0-க்கு இறங்கியது, தொடையின் பின்தசையில் வலியும் வந்தது. அளப்பது நம் வேலை, மாற்றுவது பயிற்சியாளரின் வேலை.

12. பயிற்சியாளரிடம் கொண்டுபோவதும் மறுமுறை அளப்பதும்

கணக்குத்தாளைக் காட்டாதீர்கள். ஒரே பக்கத்தில் ஆறு நேரங்கள், உ, கா, காற்று, நாள் ஆகியவற்றை மட்டும் எழுதிக் கொடுங்கள். மூன்று ஓட்டங்களின் முடிவுகள் தமக்குள்ளேயே எவ்வளவு மாறுகின்றன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எங்களுக்கு உச்ச வேகம் 0.1 அளவு மேலும் கீழும் ஆடியது. அதைவிடச் சிறிய முன்னேற்றத்தை முன்னேற்றம் என்றும், சிறிய சரிவைச் சரிவு என்றும் சொல்லக் கூடாது. எங்கள் பயிற்சியாளர் தாளைப் பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் பிளாக் பயிற்சியை ஒரு நாளாகக் குறைத்து, ஓடிவந்து முப்பது மீட்டரை முழுவேகத்தில் கடக்கும் பயிற்சியை இரண்டு நாள் வைத்தார்.

மறுமுறை அளக்க ஆறு வாரமாவது விடுங்கள். அதே தடம், அதே லேன், அதே காலை நேரம், அதே ஸ்பைக் காலணி, அதே ஏழு எண்கள் எழுதிய அட்டை. அனுமதிக் கடிதத்தை அதற்குப் பத்து நாள் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள். பழைய கடிதத்தின் நகலை இணைத்தால் இரண்டாம் முறை சீக்கிரம் கிடைக்கிறது.